ஒலி ஆவணம் என்றால் என்ன? சமூக நீதிக் கதைகளுக்கு ஏன் அது?

ஒரு பிரச்சினையை, அதை அனுபவிப்பவர்களின் சொந்தக் குரலிலும் அந்த இடத்துச் சத்தங்களோடும் சொல்லும் உண்மைக் கதைதான் ஒலி ஆவணம்.

ஏன் ஒலி? கேமராவைக் கண்டால் தயங்குகிறவர்கள்கூட ஒரு சின்ன மைக் முன்னால் மனம்விட்டுப் பேசுவார்கள். அப்புறம், போனில் ஒருவர் "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொன்னாலும், அழுதிருக்கிறார் என்பதைக் குரலே காட்டிக்கொடுத்துவிடும் இல்லையா? எழுத்தில் அது தப்பிவிடும்.

1993-இல் வானொலித் தயாரிப்பாளர் டேவ் ஐசே, சிகாகோவின் தெற்குப் பகுதியில் வளர்ந்த இரண்டு சிறுவர்களிடமே ஒலிப்பதிவுக் கருவியைக் கொடுத்தார். வறுமையைப் பற்றி வெளியாள் விளக்காமல், அவர்களே தங்கள் வீட்டையும் தெருவையும் பதிவு செய்தார்கள். இந்த வடிவத்தின் உயிரே அதுதான் என்பேன்.

பேசியதை அப்படியே ஒலிபரப்புவதுதான் இது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, பல மணிநேரப் பதிவில் எதை வைப்பது, எதை வெட்டுவது என்று யாரோ ஒருவர் முடிவெடுக்கிறார்.