பார்வையற்றவர்களால் விஆர் (ஹெட்செட் மாட்டி மெய்நிகர் உலகுக்குள் ஆடும்) கேம் விளையாட முடியுமா? அதை எப்படி வடிவமைப்பது?

முடியும். ஆனால் படத்தையெல்லாம் செய்துவிட்டுக் கடைசியில் சத்தம் சேர்க்கிற கேமில் முடியாது. இதை எனக்குப் புரிய வைத்தவர் பெரியப்பா மகன். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். மதுரையில் தனியாக பஸ் பிடித்து வேலைக்குப் போய்வருகிறார்.

யூனிட்டி என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் சின்னதாக ஒன்று செய்திருந்தேன். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் நின்றபடி, கண்டக்டர் கூவுவதைக் கேட்டு மேலூர் பஸ்ஸில் ஏற வேண்டும். அண்ணன் ஹெட்செட்டை மாட்டி இரண்டு நிமிடம் ஆகவில்லை. "என்னடா, நான் தலையத் திருப்புனா பஸ்ஸும் கூடவே திரும்புது?"

"மேலூர் மேலூர்" குரலை வெறும் ஸ்டீரியோவாக இடது காதில் ஒட்டியிருந்தேன். திரையில் பஸ் தெரிந்ததால் எனக்கு உறைக்கவே இல்லை. ஒரு சத்தம் இரண்டு காதுக்கும் வந்து சேர்வதில் உள்ள வித்தியாசம் அதிகபட்சம் 0.7 மில்லிநொடி அளவுதான். மூளை அதை வைத்தே இடமா வலமா என்று பிடித்துவிடும். முன்னாலா பின்னாலா என்பதற்கு அது போதாது. காதுமடல் கொஞ்சம் உதவும், மீதிக்குத் தலையைத் திருப்பித்தான் பார்க்க வேண்டும். அதனால் தலை திரும்பினாலும் சத்தம் அதன் இடத்திலேயே நிற்க வேண்டும்.

சரி, திருத்தினேன். அடுத்த புகார்: "சித்திரைத் திருவிழாவுல ஆத்துக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு. இதுல எதைடா கேக்குறது?" நிஜ மாட்டுத்தாவணியும் அப்படித்தானே என்றேன். ஆனால் அங்கே இன்ஜின் சூடு முகத்தில் அடிக்கும், டீசல் வாடை வரும், நாலு பேர் தோளில் இடிப்பார்கள், கையில் கோல் இருக்கும். ஹெட்செட்டில் இது எதுவும் கிடையாது. ஆகவே கண்டக்டர் வாய் திறக்கும்போது ஹாரனும் டீக்கடைப் பாட்டும் தானாக அடங்கும்படி மாற்றினேன்.

கோல் இன்னும் சிக்கல்தான். கையில் பிடிக்கும் கன்ட்ரோலர் அதிரும், ஆனால் கை கேமில் உள்ள சுவருக்குள் போய்விடும். மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2018இல் செய்த கேன்ட்ரோலர் என்ற கோல் கருவி, இடுப்பில் கட்டும் பிரேக்கை வைத்துக் கோலை நிஜமாகவே தடுத்து நிறுத்தும். அதற்கெல்லாம் நான் எங்கே போக! தரைக்கு ஒரு சத்தம், தகரத்துக்கு ஒரு சத்தம் என்று சமாளித்திருக்கிறேன்.

குறைபார்வை உள்ளவர்களுக்குத் தேவை வேறு: உருப்பெருக்கி, பொருள்களின் ஓரத்தில் தடித்த கோடு, எழுத்தை வாசித்துக் காட்டும் குரல். 2019இல் வந்த சீயிங்விஆர் என்ற மென்பொருள் தொகுப்பில் இப்படி 14 கருவிகள் உண்டு. முதலில் அதைப் பாருங்கள்.

போன வாரம் அண்ணன் ஒரு வழியாக மேலூர் பஸ்ஸில் ஏறிவிட்டார். இப்போது ஒரே குறை, கண்டக்டர் கூவுவது மதுரைக்காரன் மாதிரி இல்லையாம். கூவியது நான்தான்.