பேசாமல் இருந்தவர் சம்மதித்தவர் இல்லை

சங்கம், குழு, வேலைத்தலம் என்று நாலு பேர் கூடி முடிவெடுக்கும் இடங்களில் வரும் சிக்கல்களுக்கு, கூட்டுறவுத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் மட்டக்களப்புப் பத்தியாளர் பதில் எழுதுகிறார்.

மிஸ், நான் எங்கள் ஊர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர். தலைவி நல்லவர், ஊருக்காக ஓடித் திரிபவர். ஆனால் கூட்டத்தில் அவர் ஒன்றைச் சொன்னதும் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். "வேற யாரும் கதைக்கப் போறீங்களா?" என்று கேட்டால் ஒரு சத்தமும் இல்லை. படலையைத் தாண்டியதும்தான் கதை தொடங்குகிறது. சுழற்சிக் கடனை யாருக்கு முதலில் கொடுப்பது என்று எடுத்த முடிவு இப்படித்தான் குழம்பிக் கிடக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, களுவாஞ்சிகுடி

மகள், படலைக்கு வெளியே நடப்பதுதான் உங்கள் உண்மையான கூட்டம். அதை உள்ளே கொண்டுவரத் தலைவியை மாற்ற வேண்டியதில்லை, கூட்டம் நடத்தும் முறையை மாற்றினால் போதும்.

"வேற யாரும் கதைக்கப் போறீங்களா?" என்ற கேள்வியை முதலில் விட்டுவிடுங்கள். தலைவி தன் கருத்தைச் சொல்லி முடித்த பிறகு அதற்கு வாய் திறப்பவர், தலைவியை எதிர்ப்பவர் ஆகிவிடுகிறார். நம் ஊர்களில் தலைவி என்றால் யார்? ஒருத்திக்குப் பெரியம்மா, இன்னொருத்திக்கு மாமி, வேறொருத்திக்குப் படிப்பித்த டீச்சர். கடன் விண்ணப்பத்தில் கையெழுத்து வைக்கப்போகிறவரும் அவரே. அவர் முகத்துக்கு நேரே "இல்லை மாமி, அது சரிவராது" என்று சொல்ல எத்தனை மருமகளுக்கு வாய் வரும்?

உறவில்லாத இடத்திலும் இது நடக்கும். 1951இல் சொலமன் ஆஷ் என்ற உளவியலாளர் அமெரிக்காவில் ஒரு பரிசோதனையை வெளியிட்டார். ஒரு கோட்டைக் காட்டி, பக்கத்திலுள்ள மூன்று கோடுகளில் அதே நீளமானது எது என்று கேட்டார். சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும். ஆனால் அறையில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஆஷ் ஏற்கெனவே சொல்லி வைத்தவர்கள். அவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பிழையான கோட்டைக் காட்டியபோது, விஷயம் தெரியாத அந்த ஆள் ஏறக்குறைய மூன்று தடவைக்கு ஒரு தடவை தன் கண் கண்டதை விட்டுவிட்டு அவர்கள் சொன்னதையே சொன்னார். கூட்டத்தில் இன்னும் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னபோது இது வெகுவாகக் குறைந்தது. விடையை வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுக்க விட்டபோதும் குறைந்தது. முன்பின் தெரியாதவர்கள் முன்னாலேயே இப்படி என்றால், மாமி முன்னால் எப்படி இருக்கும்?

ஆகவே கதைப்பதற்கு முன் எழுத வையுங்கள். டெல்பெக், வான் டி வென் என்ற இருவர் 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒழுங்குபடுத்திய முறை ஒன்று உண்டு. நம் சங்கங்களுக்கு அதைவிடப் பொருத்தமானதை நான் இதுவரை காணவில்லை. கூட்டம் தொடங்கியதும் கேள்வியை மட்டும் சொல்லுங்கள்: "இந்தச் சுற்றில் கடனை யாருக்கு முதலில் கொடுக்க வேண்டும், எதைப் பார்த்து அதைத் தீர்மானிப்பது?" பழைய கொப்பித் தாளை நாலாக வெட்டி ஆளுக்கொன்று கொடுங்கள். பத்து நிமிடம் ஒருவரும் கதைக்கக்கூடாது, தலைவி உட்பட. பிறகு வட்டமாகப் போங்கள். ஒவ்வொருவரும் தன் தாளிலிருந்து ஒன்றே ஒன்றை வாசிக்க வேண்டும். நீங்கள் அதைச் சுவரில் ஒட்டிய பெரிய தாளில் அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். இந்த நேரத்தில் "அது சரி", "அது பிழை" என்று ஒருவரும் சொல்லக்கூடாது. எல்லாத் தாளும் முடியும்வரை வட்டம் சுற்றட்டும். அதற்குப் பிறகுதான் விளக்கம் கேட்பதும் கதைப்பதும். கடைசியில் ஆளாளுக்குத் தங்களுக்கு முக்கியமான ஐந்தைத் தெரிந்து புள்ளி போடட்டும். முக்கியமானதற்கு ஐந்து, அடுத்ததற்கு நான்கு, அப்படியே இறங்கி ஒன்றுவரை. கூட்டிப் பார்த்தால் குழு எங்கே நிற்கிறது என்று தெரியும்.

எழுதத் தெரியாத அம்மாமார் இருப்பார்கள். அவர்களைத் தனியாகப் பிரித்துக் கூச்சப்பட வைக்காதீர்கள். இரண்டிரண்டு பேராக உட்கார வைத்தால், ஒருவர் சொல்ல மற்றவர் எழுதலாம். புள்ளிக்குப் புளியங்கொட்டை போதும். தாளில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு சிரட்டை, ஆளுக்குக் கொஞ்சம் கொட்டை, விரும்பிய சிரட்டையில் போடுவது. படுவான்கரையில் ஒரு சங்கத்தில் இதைச் செய்தபோது, கூட்டத்தில் அதுவரை பேரைத் தவிர வேறெதுவும் சொல்லியிராத ஒரு அம்மா தன் கொட்டை முழுவதையும் "புருஷன் இல்லாத வீடு" என்ற சிரட்டையில் கொட்டினார். பக்கத்தில் இருந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். அந்த வரியைப் பற்றித்தான் அன்றைக்கு மிச்ச நேரம் முழுக்கக் கதைத்தோம்.

தலைவிக்கு ஒரு வேண்டுகோள்: வட்டத்தில் கடைசி ஆளாக இருங்கள். வயதில் இளையவரிடமிருந்து தொடங்குங்கள். உங்கள் கருத்துக்கு மதிப்புக் குறைந்துவிடாது. பதினைந்து பேர் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சொல்கிற கருத்து அது.

வெள்ள நேரம் நாங்கள் இளைஞர்கள் சேர்ந்து நிவாரண வேலை செய்தோம். எல்லாம் வாட்ஸ்அப் குழுவில்தான். ஒரு முகாமுக்கு இரண்டு லொறி சமைத்த சாப்பாடு போனது, இன்னொரு முகாமில் பிள்ளைகள் இரவு பிஸ்கட்டோடு படுத்தார்கள். இருநூறு மெசேஜ் வந்திருக்கிறது, ஆனால் யார் எதை முடிவு செய்தார் என்று இன்றுவரை தெரியவில்லை. அடுத்த மாரிக்கு முன் இதைத் திருத்த வேண்டும்.
– வாசகர், சம்மாந்துறை

தம்பி, வெள்ளத் தண்ணீருக்குள் இறங்கி நின்ற உங்களை எல்லாம் நினைத்தால் மனம் நிறைகிறது. அந்த உழைப்பு வீண்போகக்கூடாது என்பதால் கொஞ்சம் கண்டிப்பாகவே எழுதுகிறேன்.

1977 மார்ச் 27, ஸ்பெயினுக்குச் சொந்தமான தெனெரிஃபே தீவு. பனிமூட்டத்தில் ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். ஒரு விமானத்திலிருந்து போன செய்தியை, ஓடத் தொடங்கிவிட்டோம் என்றும் எடுக்கலாம், ஓடத் தயாராக நிற்கிறோம் என்றும் எடுக்கலாம். கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர் இரண்டாவதாக எடுத்துக்கொண்டார். அந்த விமானத்தின் பொறியியலாளர், மற்ற விமானம் பாதையை விட்டு விலகவில்லையோ என்று கேட்டார். தலைமை விமானி அதைத் தட்டிவிட்டார். அவர் மிகவும் மூத்தவர், அதற்கு மேல் ஒருவரும் கேட்கவில்லை. அதன் பிறகுதான் விமானத் துறையில், கிடைத்த அனுமதியைத் திருப்பிச் சொல்லும் ஒழுங்கை இறுக்கினார்கள். இளையவரின் சந்தேகத்தை மூத்தவர் காதுகொடுத்துக் கேட்கவும் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார்கள்.

உங்களுக்கு வேண்டியதும் அந்த இரண்டும்தான். செய்திக்கு ஒரு குழு, முடிவுக்கு ஒரு குழு என்று பிரியுங்கள். முடிவுக் குழுவில் படம், ஆறுதல், "ஆமீன்", நன்றி ஒன்றும் வரக்கூடாது. அங்கே போடும் மெசேஜ் இப்படி இருக்கட்டும்:

"முடிவு. நாவிதன்வெளிப் பாடசாலை முகாம். இரவுச் சாப்பாடு 120 பேருக்கு. சின்ன லொறி. பொறுப்பு: ரியாஸ். ஏழு மணிக்கு முன்."

பொறுப்பானவர் பெருவிரல் ஈமோஜியை மட்டும் போட்டு விடக்கூடாது. "நாவிதன்வெளி, 120, சின்ன லொறி, ஏழுக்கு முன், நான் போகிறேன்" என்று திருப்பி எழுத வேண்டும். கொண்டுபோய் இறக்கியதும் "நாவிதன்வெளி முடிந்தது". திருப்பி எழுதும்போதுதான் "120ஆ? அங்கே இப்போது 200 பேர்" என்ற பிழை பிடிபடும். பெருவிரல், பார்த்தேன் என்பதற்கும் சரி என்பதற்கும் போகிறேன் என்பதற்கும் பொதுவாக நிற்கிறது. அந்த இடைவெளியில்தான் ஒரு முகாம் பட்டினி கிடந்தது.

முடிவு எடுப்பவர் ஒரு நேரத்தில் ஒருவராகவே இருக்கட்டும், ஆறு மணித்தியாலத்துக்கு ஒருவர் என்று மாறுங்கள். மாறும்போது எழுத்தில் அல்ல, போனில் பேசிக் கையளியுங்கள்: இப்போது நிலைமை என்ன, இதற்கு முன் என்ன நடந்தது, எனக்கு எது கவலை, நீ என்ன செய்ய வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பழகிய இந்த ஒழுங்கு பிறகு வைத்தியசாலைகளுக்கும் வந்தது.

மருதமுனையில் ஏழு பேர் சேர்ந்து கைத்தறி வேலை செய்கிறோம். எதற்கும் வாக்கெடுப்புத்தான். நாலுக்கு மூன்று என்று முடியும், அந்த மூன்று பேர் பிறகு முகம் கொடுக்கமாட்டார்கள். கொழும்புக் கடையொன்று பெரிய ஓடர் தருவதாகச் சொல்கிறது, ஆனால் கடனுக்கு. வாக்குப் போட்டால் குழு உடைந்துவிடும் போல இருக்கிறது.
– வாசகி, மருதமுனை

தங்கச்சி, நிருவாகிகளைத் தெரிவுசெய்ய வாக்கெடுப்பு நல்லது, அதையும் மறைவாகவே எடுக்க வேண்டும். ஆனால் எல்லாருடைய தறியும் ஓட வேண்டிய விஷயத்தில், தோற்ற மூன்று பேரின் கைகளும் உங்களுக்குத் தேவை.

நெதர்லாந்தில் கீஸ் புக்கே என்ற கல்வியாளர் 1926இல் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கி, பிள்ளைகளோடு சேர்ந்தே முடிவெடுத்து நடத்தினார். அங்கே படித்த ஹெராட் எண்டன்பர்க் பிறகு அந்தப் பழக்கத்தைத் தன் மின்சாதன நிறுவனத்துக்குக் கொண்டுபோனார். அங்கே "யார் விரும்புகிறீர்கள்?" என்று கேட்பதில்லை. "இதைச் செய்தால் நம் வேலைக்கு என்ன கேடு வரும்?" என்று கேட்பார்கள். காரணத்தோடு ஒருவர் மறுத்தால், அந்தக் காரணம் தீரும்வரை யோசனையைத் திருத்துவார்கள். "எனக்குப் பிடிக்கவில்லை" மட்டும் போதாது, காரணம் வேண்டும்.

உங்கள் மூன்று பேரிடமும் இதைக் கேட்டுப் பாருங்கள். ஒரு ராத்தா சொல்லக்கூடும்: "காசு பிந்தினால் அடுத்த மாத நூலுக்கு எங்கே போவது?" இன்னொருவர்: "அத்தனை சாரியையும் ஒரே சாயத்தில் தர நம்மால் முடியாது." இரண்டும் நல்ல காரணங்கள், எதிர்ப்பு என்று ஒதுக்கினால் நட்டம் உங்களுக்குத்தான். அப்படியென்றால் நூலுக்கான காசை முற்பணமாகக் கேளுங்கள். ஓடரில் மூன்றிலொன்றை மட்டும் ஏற்றுப் பாருங்கள். முடிவுக்கு ஒரு கடைசித் திகதியும் போடுங்கள்: "நோன்புப் பெருநாள் வரைக்கும் இப்படி, பிறகு திரும்ப உட்காருவோம்." திரும்பப் பார்க்கலாம் என்று தெரிந்தால் மறுத்தவரும் மனதோடு வேலை செய்வார்.

இது வாக்கெடுப்பைவிட நேரம் பிடிக்கும். அந்த நேரத்தைக் கொடுங்கள்.

எங்கள் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் சண்டையே இல்லை. குளிரூட்டி லொறி ஒன்றை லீசிங்கில் எடுக்க எல்லோரும் ஒரே குரலில் சம்மதித்துவிட்டோம், பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இப்படி ஒற்றுமையாக இருந்தாலும் கலந்துரையாட வேண்டுமா?
– வாசகர், வாழைச்சேனை

கட்டாயம் வேண்டும் அண்ணன், கையெழுத்து வைப்பதற்கு முன். ஒற்றுமையான குழுக்களே கண்ணை மூடிக்கொண்டு குழியில் விழுவதை ஏர்விங் ஜானிஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1972இல் ஒரு முழு நூலாக எழுதினார். அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் ஆலோசகர்கள் 1961இல் கியூபாவின் பன்றிகள் விரிகுடாவில் படை இறக்கச் சம்மதித்ததும் அதில் ஒரு உதாரணம். சந்தேகம் உள்ளே இருந்தவர்களும் அந்த அறையில் அதை அழுத்திச் சொல்லவில்லை.

கேரி கிளைன் என்ற உளவியலாளர் சொன்ன வழி சுலபமானது. நிருவாக சபையைக் கூட்டி இப்படிச் சொல்லுங்கள்: "ஒரு வருடம் போய்விட்டது. லொறி துருப்பிடித்து நிற்கிறது, லீசிங்காரன் வாசலில் நிற்கிறான். ஏன் இப்படி ஆனது என்று எழுதுங்கள்." "பிழையாகப் போகுமா?" என்று கேட்டால் நல்ல சொல்தான் வரும். பிழையாகப் போய்விட்டது, காரணம் சொல் என்றால், அதுவரை மனதில் வைத்திருந்ததை எல்லாம் எழுதுவார்கள். மாரியில் கடல் கொந்தளித்து மீனே வராத மாதங்களில் தவணையை யார் கட்டுவது? சாவி யார் கையில்? குளிரூட்டி பழுதானால் திருத்துபவர் எங்கே இருக்கிறார்? இவற்றுக்கு விடை இருந்தால் லொறியை எடுங்கள். விடை இல்லாவிட்டால் சின்ன லொறி.

கூட்ட அறிக்கையில் என்னதான் எழுதுவது? பக்கம் பக்கமாக எழுதுகிறேன், ஒருவரும் வாசிப்பதில்லை.
– வாசகர், கொக்கட்டிச்சோலை

உங்கள் பக்கத்திலேயே நல்ல மாதிரி இருக்கிறது. ஒவ்வொரு போகத்துக்கும் முன் அதிகாரிகளும் விவசாயிகளும் கூடும் ஆரம்பக் கூட்டத்தைப் பாருங்கள். எந்தத் திகதியில் குளத்துக் கதவு திறப்பது, விதைப்புக்குக் கடைசி நாள் எது, மாடுகளை எப்போது வயலை விட்டு வெளியே கொண்டுபோவது: எல்லாம் திகதியோடு தீர்மானமாகிறது. வயலுக்குத் தண்ணீர் விடுவதைப் பார்க்கும் வட்டை விதானைக்கும் தன் வேலை தெரியும்.

அதேபோல ஒவ்வொரு முடிவுக்கும் நாலு வரி: என்ன முடிவு, என்ன காரணத்துக்காக, யார் செய்வது, எப்போதைக்குள். அதோடு ஒருவர் மறுத்திருந்தால் அவருடைய காரணம், அவருடைய சொல்லிலேயே. "பிரேரித்தவர், ஆமோதித்தவர்" பெயரைச் சங்கத்தின் யாப்பு விதிகள் கேட்டால் எழுதுங்கள். யார் எவ்வளவு நேரம் பேசினார் என்பதை விட்டுவிடுங்கள். அடுத்த கூட்டத்தில் முதல் வேலையாக "யார் செய்வது" வரிகளை மட்டும் சத்தமாக வாசியுங்கள். சம்பந்தப்பட்டவர் முடிந்தது, முடியவில்லை, இன்ன உதவி வேண்டும் என்று மூன்றில் ஒன்றைச் சொன்னால் போதும்.