பாடம் நடத்தாத பல்கலைக்கழகம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை என் மகள்தான் அனுப்பிவைத்தாள். அவளுக்கு அங்கே ஐரோப்பியவியல் இளங்கலையில் இடம் கிடைத்திருக்கிறது. விசாரித்துப் பார்த்ததில், வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம்தான் வகுப்பாம். அதிலும் பெரும்பாலான நேரம் பிள்ளைகளே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொள்வார்களாம், ஆசிரியர் பார்த்துக்கொண்டிருப்பாராம். இதற்கா நான் இடத்தை அடகு வைத்துக் கடன் வாங்க வேண்டும்? பல நாட்டு மாணவர்கள் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். பிறந்தநாள் விருந்துக்கு அது நன்றாக இருக்கும். படிப்புக்கு என்ன லாபம்?

ஒரு தகப்பன், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் இரண்டு கேள்வி கேட்டதாக நினைக்கிறீர்கள். அந்த ஊரில் அவை இரண்டும் ஒரே கேள்விதான். மேஜையைச் சுற்றி உட்காருகிறவர்கள் எல்லாரும் ஒரே ஊர், ஒரே பள்ளி, ஒரே பாடநூல் என்றால், நீங்கள் சந்தேகப்படுவதுபோல அது அரட்டையாகத்தான் போகும்.

இதற்குச் சிக்கல்வழிக் கற்றல் (problem-based learning) என்று பெயர். ஒரு வகுப்பு எப்படிப் போகும் என்று சொல்கிறேன். இந்த எடுத்துக்காட்டு நானே அமைத்தது, ஆனால் வழக்கு உண்மையானது. பத்துப் பதினைந்து பேர். அவர்களில் ஒருவர் அன்றைக்குத் தலைவர், இன்னொருவர் பலகையில் குறிப்பெடுப்பவர். இந்தப் பொறுப்புகள் முறைவைத்து மாறும். கையில் அரைப்பக்கத் தாள். பிரான்சில் 'கசிஸ்' என்று ஒரு பழ மது, அதில் ஆல்கஹால் 15 முதல் 20 சதவீதம். ஒரு ஜெர்மன் நிறுவனம் அதை இறக்குமதி செய்யப் பார்க்கிறது. பழ மதுவில் குறைந்தது 25 சதவீதம் இருந்தாக வேண்டும் என்கிறது ஜெர்மன் சட்டம். அதற்கு ஜெர்மன் அரசு சொன்ன காரணங்களில் ஒன்று, ஆல்கஹால் குறைவான மது மக்களைச் சுலபமாகக் குடிக்குப் பழக்கிவிடும் என்பது! இவ்வளவுதான் தாளில் இருக்கும். தீர்ப்பு இருக்காது.

முதலில் புரியாத சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வார்கள். அப்புறம் இங்கே பிரச்சினை எது என்று வரையறுப்பார்கள். பிறகு தெரிந்ததை எல்லாம் கொட்டுவார்கள். இங்கேதான் பல நாடு வேலைக்கு வருகிறது. ஜெர்மன் பெண் தங்கள் ஊர் பீரில் என்ன சேர்க்கலாம், சேர்க்கக்கூடாது என்ற பழைய விதியைச் சொல்வாள். பாஸ்தாவை டுரம் என்ற கடினக் கோதுமையில்தான் செய்ய வேண்டும் என்று எங்கள் நாட்டில் சட்டமே இருந்தது என்பான் இத்தாலியப் பையன். புதுச்சேரியில் வாங்கிய பாட்டிலோடு தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும் என்று உங்கள் மகள் சொல்லலாம். ஒரே நாட்டுக்குள்ளேயே இப்படியா என்று மற்றவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். சுங்க வரியே இல்லாமல் ஒரு பொருளைத் தடுத்துவிட முடியும் என்பது அந்த அறையில் பல வாய்களிலிருந்து வெளிவரும். யாரும் அதைக் கரும்பலகையில் எழுதிப் போட வேண்டியதில்லை.

சொன்னதை அடுக்கிப் பார்த்து, தெரியாதது என்ன என்று நாலைந்து கேள்விகளாக எழுதிக்கொண்டு கலைவார்கள். அடுத்த சில நாள் நூலகம். திரும்பிக் கூடும்போது, ஐரோப்பியப் பொதுச் சந்தையின் ஒரு உறுப்பு நாட்டில் சட்டப்படி செய்து விற்கும் பொருளைத் தகுந்த காரணம் இல்லாமல் இன்னொரு உறுப்பு நாடு தடுக்க முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1979இல் தீர்ப்புச் சொன்னதைப் படித்து வந்திருப்பார்கள். 'தகுந்த காரணம்' எது என்று சண்டை தொடங்கும். ஆசிரியர் அப்போதும் பேசமாட்டார். குழு தவறான பாதையில் வெகுதூரம் போய்விட்டால் ஒரு கேள்வி கேட்பார். படிக்காமல் வந்தவர் யார் என்பது பத்து நிமிடத்தில் மேஜையைச் சுற்றியிருக்கும் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். கடைசி பெஞ்ச் என்று ஒன்று கிடையாது.

வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்கிறீர்கள். ஒரு வருடத்துக்கு 60 கிரெடிட், நெதர்லாந்துக் கணக்கில் ஒரு கிரெடிட் என்பது 28 மணி நேர உழைப்பு. பெருக்கிப் பாருங்கள், 1,680 மணி நேரம் வரும். வகுப்புப் போக மிச்சமெல்லாம் அவள் தலையில்தான். முதலாண்டில் அவர்கள் வைத்திருக்கும் அளவுக்குக் கிரெடிட் சேராவிட்டால் அந்தப் படிப்பைத் தொடர விடமாட்டார்கள். சும்மா இருக்கலாம் என்று யார் சொன்னார்களோ, அவர்கள் இதைச் சொல்லவில்லை போலிருக்கிறது.

இந்த முறை அங்கே வந்த கதையும் சுவையானது. மாஸ்ட்ரிக்ட் இருக்கும் லிம்பர்க் மாகாணம் நிலக்கரியில் பிழைத்த இடம். சுரங்கங்களை மூடப்போவதாக அரசு 1965இல் அறிவித்தது. கடைசிச் சுரங்கம் 1974 முடிவில் மூடப்பட்டது. அதே 1974இல், பல்கலைக்கழகத்துக்கான சட்டம் நிறைவேறும் முன்பே, மருத்துவ மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு வகுப்பைத் தொடங்கிவிட்டார்கள். முறைப்படி பல்கலைக்கழகம் ஆனது 1976இல். நாட்டில் ஏற்கெனவே ஏழு மருத்துவக் கல்விக்கூடங்கள் இருந்தன. எட்டாவது எதற்கு என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல வித்தியாசமான எதையாவது காட்டியாக வேண்டும். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1969இல் தொடங்கியிருந்த இந்த முறையைக் கொண்டுவந்தார்கள். இருபது வருடமாக ஒரே குறிப்பை வாசித்துவரும் பேராசிரியர்கள் அங்கே யாரும் இல்லாததால் எதிர்க்கவும் ஆளில்லை. பெல்ஜியத்தின் லீஜும் ஜெர்மனியின் ஆகனும் பக்கத்திலேயே இருக்க, ஆம்ஸ்டர்டாம் எட்டத்தில் கிடக்கும் மூலை அது. வெளிநாட்டு மாணவர்களைத் தேடிப்போனது அந்த ஊருக்கு இயல்பாக வந்தது. இன்று மாணவர்களில் பாதிக்கு மேல் வெளிநாட்டவர்.

அவர்களுடைய மருத்துவப் படிப்பில் பிறந்த ஒரு தேர்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும். அது காகிதத்தில் நடந்த காலத்தில், முதலாண்டு மாணவரும் கடைசியாண்டு மாணவரும் ஒரே நாளில் ஒரே வினாத்தாளை எழுதினார்கள், வருடத்துக்கு நான்கு முறை. தாளில் 200 கேள்விகள். 'தெரியாது' என்றும் குறிக்க முடிந்தது, அதற்குப் பூஜ்யம். தப்பாக ஊகித்தால் மதிப்பெண் குறைந்தது. மருத்துவராகப் போகிறவருக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழக்குவது நல்ல காரியம்தானே? மாணவரின் மதிப்பெண் கோடு வருடா வருடம் மேலே போகிறதா என்பதுதான் கணக்கு. முந்தைய நாள் இரவு உட்கார்ந்து மனப்பாடம் செய்து இதில் தேற முடியாது.

சரி, குறைகளுக்கு வருகிறேன். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மதிப்பீடு ஒன்று 2003இல் வந்தது. இந்த முறையில் படித்தவர்கள் அறிவைப் பயன்படுத்துவதில் முன்னே நிற்கிறார்கள், தகவல் அறிவில் மட்டும் சற்றே பின்தங்கலாம் என்றது. படியேறுவதுபோல ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்ட வேண்டிய கணிதத்துக்கு இது உகந்ததென்று எனக்குத் தோன்றவில்லை. எல்லாம் குழுவைப் பொறுத்தது. முந்தைய ஆண்டு மாணவரின் குறிப்பை வாங்கி ஒப்பிக்கும் நாலு பேர் சேர்ந்தால் வகுப்பு செத்துப்போகும். சொற்களைத் தெளிவாக்குவதில் தொடங்கித் திரும்பிக் கூடுவது வரையான ஏழு படிகளையும் சடங்குபோல முடித்துவிட்டு எழுந்துபோகிற குழுக்களும் உண்டு. பேசவே கூச்சப்படும் பிள்ளைக்கு முதல் சில மாதங்கள் கொடுமையாகவே இருக்கும். நம் பிள்ளைகள் பலருக்கு ஆங்கிலம் நன்றாக வரும், ஆனால் பேசிக்கொண்டிருப்பவரை மறுத்துப் பேசிப் பழக்கம் இருக்காது.

பண விஷயம். ஐரோப்பிய ஒன்றிய மாணவர்களுக்கு வருடத்துக்குச் சுமார் 2,600 யூரோதான் கட்டணம். நம்மவர்களுக்கு அதைப்போல் பல மடங்கு. அங்கே பக்கத்தில் உட்காருகிறவள் ஜெர்மனியிலிருந்து ரயிலேறி வந்து ஒரு மடங்கு கட்டியிருப்பாள் என்பது வயிற்றெரிச்சல்தான், ஆனால் விதி அப்படி. ஆங்கில வழிப் படிப்புகளையும் வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கையையும் குறைக்க வேண்டும் என்று சில ஆண்டுகளாக நெதர்லாந்து அரசியலில் பேச்சு பலமாக இருக்கிறது. வாடகை வீட்டுத் தட்டுப்பாடு அதற்கு ஒரு காரணம். அதனால் அறை உறுதியாகும் முன் விமானச் சீட்டு எடுக்காதீர்கள்.

கடன் வாங்கலாமா என்று என்னைக் கேட்காதீர்கள், இடத்தின் மதிப்பு உங்களுக்குத்தான் தெரியும். அந்தப் படிப்பை முடித்தவர்கள் இப்போது என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். ஐரோப்பியவியல் என்பது பொறியியல்போல வேலையின் பெயரைத் தன்மேல் எழுதிவைத்திருக்கும் படிப்பு அல்ல. அப்புறம், வீட்டில் நீங்கள் ஒரு முடிவு சொல்லும்போது உங்கள் மகள் காரணம் கேட்டு எதிர்வாதம் செய்கிறவளா? ஆமாம் என்றால் அந்த மேஜையில் அவள் பிழைத்துக்கொள்வாள். இவ்வளவு தூரம் உங்களைக் கடிதம் எழுத வைத்தவள் அமைதியான பிள்ளையாக இருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

அன்புடன்.