காதலும் கடியும் ஒரே வீட்டுக்குள்: சிறிய செலவில் ஜாம்பிப் படம்

தில்லி மயூர் விஹாரில் வசிக்கும் வாசகி ஒருவர், தமிழ் நாடகக் குழு நண்பர்களோடு சேர்ந்து நாற்பது நிமிட ஜாம்பிப் படம் ஒன்றை எடுக்கவிருப்பதாக எழுதியிருக்கிறார். கையில் இரண்டரை லட்சம் ரூபாய் இருக்கிறது. புதிதாக மணமான இணையரில் கணவனுக்குக் கடி விழுகிறது, நகரமெங்கும் தொற்று பரவுகிறது என்பது கதை. திரைக்கதையைப் படித்தவர்கள், முன்பாதி காதல் படம், பின்பாதி பேய்ப்படம், இரண்டும் ஒட்டவில்லை என்கிறார்களாம். நெருக்கமான காட்சிகளில் ஒப்பனை போட்ட கணவனைப் பார்த்து அரங்கம் சிரித்துவிடுமோ என்றும் அவர் அஞ்சுகிறார். நூறு பேர் கொண்ட ஜாம்பிக் கூட்டத்தை எப்படித் திரட்டுவது என்பது அவருடைய கடைசிக் கேள்வி.

அந்தக் கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். நூறு பேர் வேண்டாம். அத்தனை பேருக்கும் ஒப்பனை போடுவது யார், இரவுச் சாப்பாடும் வீடு திரும்ப வண்டியும் தருவது யார் என்று ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் இரண்டரை லட்சம் ஒரே இரவில் கரைந்துவிடும். கூட்டத்தை ஒலியில் காட்டலாம், அதைப் பின்னால் சொல்கிறேன். கண்ணுக்குத் தெரிய வேண்டிய ஜாம்பி ஒருவர் போதும். அவர் ஏற்கெனவே உங்கள் நாயகியின் வீட்டில்தான் இருக்கிறார்.

அடுத்தது, ஒட்டாமை. நீங்கள் அனுப்பிய சுருக்கத்தில் கணவனுக்குக் கடி விழுவது பதினெட்டாவது நிமிடத்தில். அதுவரை ஊடலும் கூடலும், அதன் பிறகு ஓட்டமும் அலறலும் என்று கதை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. கடியை நான்காவது நிமிடத்துக்குக் கொண்டுவாருங்கள். கடி விழுவதற்கும் அவன் முழுதாக மாறுவதற்கும் இடைப்பட்ட ஓர் இரவுதான் படம் என்று வைத்துக்கொண்டால், அந்த இரவில் அவர்கள் செய்யும் அன்பான செயல் ஒவ்வொன்றும் ஆபத்தான செயலாகவும் ஆகிவிடும். காயத்தைத் துடைப்பது, நெற்றியில் கைவைத்துக் காய்ச்சல் பார்ப்பது, குளிருக்கு ஒரே ரஜாய்க்குள் (பஞ்சுப் போர்வைக்குள்) படுப்பது என எல்லாவற்றிலும் நேசமும் பயமும் சேர்ந்தே இருக்கும். காதல் காட்சி ஒன்று, திகில் காட்சி ஒன்று என மாற்றி மாற்றி அடுக்கும்போது பார்வையாளர் ஒவ்வொரு முறையும் மனநிலையைப் புதிதாகத் திரட்ட வேண்டியிருக்கிறது. உங்கள் நண்பர்களின் குறை அதுதான்.

இந்த அமைப்பு நமக்குப் புதிதும் இல்லை. தொல்காப்பியப் புறத்திணையியலில் காஞ்சித் திணையின் துறைகளுள் தொடாக்காஞ்சி என்று ஒன்று உண்டு: புண்பட்டுக் கிடக்கும் கணவனைப் பேய் நெருங்காதபடி மனைவி காத்து நிற்பது. புறநானூற்றின் 281ஆம் பாடலில் அரிசில் கிழார் அதை முழுக் காட்சியாகவே எழுதியிருக்கிறார். வீட்டில் இரவ மரத்தின் தழையோடு வேப்பிலையும் செருகி, மை பூசி, வெண்சிறுகடுகு தூவி, ஆம்பற்குழல் ஊதி, மணி அடித்து, காஞ்சிப் பண் பாடி, நறும்புகை எழுப்பி, தலைவனின் புண்ணைக் காப்போம் வா என்று ஒருத்தி தோழியை அழைக்கிறாள். ஒரு வீடு, ஒரு காயம், விழித்திருக்கும் ஒரு பெண் என்று, செலவுக் கணக்குத் தெரிந்த ஒருவர் எழுதிய திரைக்கதையைப் போலவே இருக்கிறது. ஜாம்பிக் கதை இதில் செய்யும் மாற்றம் ஒன்றுதான். அங்கே பேய் வெளியிலிருந்து வருகிறது. இங்கே அது காயத்துக்குள்ளேயே இருக்கிறது. தான் காவல் காப்பது கணவனையா, அவனுக்குள் வளர்வதையா என்ற ஐயம் நள்ளிரவுக்குப் பிறகு அவளுக்கு எழட்டும். வேப்பங்கொத்தும் கடுகும் பூஜை மணியும் பொருள்வகையில் செலவே இல்லாதவை, தில்லியில் வேப்பமரத்துக்குப் பஞ்சமும் இல்லை. ஆனால் அவை மந்திரம்போல் பலிப்பதாகக் காட்டிவிடாதீர்கள். வேறெதுவும் செய்ய வழியில்லாததால் அவள் இவற்றைச் செய்கிறாள் என்பதுதான் நெஞ்சைப் பிசையும்.

தொற்றுக்கு ஒரு விதி வேண்டும், அந்த விதி காதலர்களின் உடல்களைப் பற்றியதாக இருக்க வேண்டும். எச்சிலால் பரவும் என்று முடிவுசெய்தால் முத்தம் தடைப்படுகிறது. பார்வையாளர் அதை ஒரே ஒருமுறை, வசனமில்லாமல், கண்ணால் அறிந்துகொண்டால் போதும், பிறகு இரு முகங்கள் நெருங்கும்போதெல்லாம் நெஞ்சு படபடக்கும். தொற்று எங்கிருந்து வந்தது, எந்த ஆய்வகத்தில் கசிந்தது என்ற விளக்கத்தை முழுவதுமாக வெட்டிவிடுங்கள். 2013இல் இந்தியில் கோ கோவா கான், 2016இல் தமிழில் மிருதன் என்று இந்த வகை நம் மக்களுக்குப் பழகிவிட்டது. கடித்தால் என்ன ஆகும் என்பது இன்று சிறுவர்களுக்கும் தெரியும்.

மாற்றத்தை ஒப்பனையால் காட்டுவதற்கு முன் பழக்கத்தால் காட்டுங்கள். முதல் காட்சியில் அவன் ஃபில்டர் காபியை டவராவில் ஆற்றி ஆற்றிக் குடிக்கிறான், சூடு தாங்காதவன் என்று அவள் கேலி செய்கிறாள். நள்ளிரவில் அவள் அடுப்பிலிருந்து இறக்கித் தரும் கொதிக்கும் காபியை அவன் ஒரே மூச்சில் விழுங்கிவிட்டு டம்ளரை வைக்கிறான். ஒரு சொட்டு ரத்தம் இல்லாமலேயே அரங்கம் உறைந்துபோகும். இப்படி நான்கைந்து பழக்கங்களைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றாக உதிரவிடுங்கள். ஒன்றை மட்டும் கடைசிவரை விட்டுவையுங்கள். கண்ணாடியைத் துடைப்பதாகவும் இருக்கலாம், அவளைக் கூப்பிடும் செல்லப் பெயராகவும் இருக்கலாம். அது மிஞ்சியிருக்கும்வரை அவளால் அவனைக் கைவிட முடியாது.

இந்த வகையின் வரலாறும் உங்கள் பக்கமே நிற்கிறது. முதல் முழுநீள ஜாம்பிப் படம் என்று பொதுவாகக் கருதப்படும் 1932ஆம் ஆண்டின் வொயிட் ஜாம்பி, ஒருதலைக் காதலின் கதைதான். தனக்குக் கிடைக்காத பெண்ணை உயிரற்ற பதுமையாக்கியாவது தன்னுடன் வைத்துக்கொள்ள நினைக்கும் ஒருவன், அவள் வெற்றுக் கண்களோடு பியானோ வாசிப்பதைப் பார்த்துத் தன் செயலுக்கு வருந்துகிறான். பதினொரு நாள் அளவில், பெரும்பாலும் வேறு படங்களுக்குப் போட்ட அரங்குகளில் அது எடுக்கப்பட்டது. அமெரிக்க இயக்குநர் ஜார்ஜ் ரோமெரோ 1968இல் சுமார் 1,14,000 டாலரில் எடுத்த நைட் ஆஃப் தி லிவிங் டெட் படத்திலும், காதலனைத் தனியே அனுப்ப மனமில்லாமல் பின்னால் ஓடிச்சென்று வண்டியில் ஏறுகிற இளம்பெண் அந்தப் பாசத்தாலேயே அவனோடு எரிந்து சாகிறாள். அங்கே கொல்வது ஜாம்பி இல்லை, காதல். 2013இன் வார்ம் பாடீஸ் வேறு வழியில் சென்று, ஜாம்பிக்கே மனக்குரல் கொடுத்து அவனைக் காதலனாக்கியது. இனிமையான வழிதான், ஆனால் அவன் உள்ளே பேசத் தொடங்கியவுடன் அவனைப் பற்றிய பயம் போய்விடுகிறது. நீங்கள் பயத்தையும் காக்க விரும்புவதால் கணவனுக்கு மனக்குரல் வேண்டாம். அதோடு, அவன் முழுதாக மாறிய பிறகு நெருக்கக் காட்சி எதையும் காதலாகக் காட்டாதீர்கள். சுயவிருப்பம் இல்லாத உடலை அணைப்பது வேறு கதை. 1932லேயே அதைக் கொடுமை என்று சொல்லிவிட்டார்கள்.

சிரிப்பு பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது, ஆனால் அதற்கு மருந்து சிரிப்பை அடக்குவதில் இல்லை. தொடக்கத்தில் நீங்களே சிரிக்க வையுங்கள். தில்லிக்காரன் கடிபட்டு வீட்டுக்கு வந்தால் முதலில் என்ன சொல்வான்? குரங்கு கடித்துவிட்டது என்பான். "நாலு ஊசி போட்டா சரியாயிடும், நீ சும்மா இரு" என்று அவன் சொல்ல, அவள் கூகுளில் தேட, இருவரும் சண்டை போட, அரங்கம் மனதாரச் சிரித்துவிடும். அப்படிச் சிரித்து முடித்தவர்கள் பிற்பாடு தவறான இடத்தில் சிரிக்க மாட்டார்கள். தவறான சிரிப்பு எழுவது பெரும்பாலும் ஒப்பனையைத் தேவைக்கு மேல் நீட்டிக் காட்டுவதாலும், நடிகர் ஜாம்பியாக நடிக்க முயல்வதாலும்தான். காயத்தை ஒரு விநாடி காட்டி, அதைப் பார்க்கும் அவள் முகத்தில் ஐந்து விநாடி நில்லுங்கள். முத்தமா கடியா என்று தெரியாதபடி அவன் முகம் அவள் கழுத்தை நோக்கிச் சாயும் அந்த ஷாட்டைப் படம் முழுவதிலும் ஒரே ஒருமுறை மட்டும் வையுங்கள். படத்தொகுப்பு மேசையில் இரண்டாவது முறை பார்க்கும்போதே எனக்கு அது வித்தையாகத் தோன்றத் தொடங்கிவிடும்.

இனி தில்லி. டிசம்பர் இறுதியிலும் ஜனவரியிலும் இங்கே இறங்கும் மூடுபனி, சென்னையில் எவ்வளவு செலவழித்தாலும் கிடைக்காதது. பனியைப் பின்னாலிருந்து வரும் விளக்கொளியில் எடுங்கள். முன்னாலிருந்து ஒளி விழுந்தால் எல்லாம் வெளிறிப்போகும். தெருவிளக்குக்கும் கேமராவுக்கும் நடுவில் நடிகரை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது. குளிரில் மூச்சு ஆவியாகத் தெரியும் என்பது உங்கள் கதைக்கு வாய்த்த பெருங்கொடை. அவள் மூச்சு தெரிய வேண்டும், அவன் மூச்சு தெரியக் கூடாது. ஷாட்டுக்குச் சற்று முன்புவரை வாயில் ஐஸ்கட்டி வைத்திருந்து துப்பிவிட்டு நடித்தால் சில விநாடிகளுக்கு ஆவி வராது. திரைத்துறையில் பழைய உத்திதான். இருவரும் மொட்டைமாடியில் பக்கத்தில் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருக்க, ஒருவரின் வாயிலிருந்து மட்டும் ஆவி எழுவதைப் பார்வையாளரே கண்டுபிடிக்கட்டும். காற்று மாசுக்காக ஊரே முகக்கவசம் போட்டுத் திரியும் மாதங்கள் இவை என்பதையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். வீட்டுக்குள்ளும் கவசத்தைக் கழற்ற மறுக்கும் கணவன் என்பது காதலுக்கும் சந்தேகத்துக்கும் ஒரே நேரத்தில் பொருந்துகிறது, வாய்ப்பகுதி ஒப்பனைச் செலவும் மிச்சம்.

மெஹ்ரௌலிப் பக்கம் இடிந்து கிடக்கும் பழைய கல்லறைகளின் மேல் தில்லியில் பேய்ப்படம் எடுக்கும் எல்லோருக்கும் ஒரு கண். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் படப்பிடிப்புக்கு முன்அனுமதியும் கட்டணமும் வேண்டும், உங்கள் கதைக்கு அவை தேவையும் இல்லை. டிடிஏ (தில்லி வளர்ச்சி ஆணையம்) கட்டிய அடுக்ககத்தின் குறுகிய படிக்கட்டும் வாசலில் இருக்கும் ஜாலிக் கதவும் போதும். வலைக்கம்பியின் ஒருபுறம் அவள், மறுபுறம் அவன், இரு உள்ளங்கைகளும் ஒரே இடத்தில் என்ற ஷாட்டில் காதலும் காவலும் சேர்ந்தே இருக்கின்றன. அறைக்குள் ராடு ஹீட்டரின் செந்நிற ஒளியையே முதன்மை விளக்காக வைத்துக்கொள்ளலாம்; அவள் அதை அவன் பக்கம் நகர்த்திக்கொண்டே இருக்க, அவன் உடல் சூடாகவே இல்லை.

கூட்டத்தை ஒலியில் காட்டலாம் என்றேன். இரவுக் காவலாளியின் விசிலும் தடியைத் தரையில் தட்டும் ஓசையும் தில்லிக் குடியிருப்புகளில் எல்லோருக்கும் பழக்கம். படத்தின் முதற்பாதியில் அது சீரான இடைவெளியில் கேட்கட்டும். ஒரு கட்டத்தில் விசில் பாதியில் அறுபட்டு, பின்பு தடி தட்டும் ஓசை மட்டும் தாறுமாறான தாளத்தில் படியேறி வரட்டும். நூறு துணைநடிகர்கள் தராத அச்சத்தை இது தரும். கடிக்கும் ஓசைக்குக் கரும்பு, கிழியும் ஓசைக்கு முட்டைக்கோஸ், ஈர நடைக்கு நனைந்த துண்டு. நாடகக் குழுவில் எட்டுப் பேரை ஓர் அறையில் வைத்துப் பல தூரங்களிலிருந்து முனகச் சொல்லிப் பதிவு செய்தால் முழுத் தெருவும் நிறைந்துவிடும். ஆகவே பணத்தை முதலில் நல்ல ஒலிப்பதிவாளருக்கும், அடுத்து ஒப்பனைக்கும், கடைசியாகக் கேமரா வாடகைக்கும் ஒதுக்குங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, டப்பிங்கில் கேட்காத வசனத்தோடு என்னிடம் வந்து நிற்கிறார்கள்.

ஒப்பனையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரத்தத்துக்கு, பேக்கரிப் பொருள் கடைகளில் கிடைக்கும் லிக்விட் குளுக்கோஸில் சிவப்பு உணவு நிறமும் சிறிது கோகோ தூளும் கலந்தால் போதும். ரோமெரோ கறுப்பு வெள்ளையில் எடுத்ததால் சாக்லேட் சிரப்பையே ரத்தமாக ஓடவிட்டார். குளிரில் இந்தக் கலவை இறுகும் என்பதால் பாத்திரத்தை வெந்நீரில் வைத்திருங்கள். காயங்களுக்குத் திரவ லேடெக்ஸையும் டிஷ்யூ தாளையும் அடுக்கடுக்காக ஒட்டலாம், ஆனால் லேடெக்ஸ் சிலருக்கு ஒவ்வாது, முந்தைய நாளே முன்கையில் தடவிப் பார்ப்பது கட்டாயம். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் வெள்ளை காண்டாக்ட் லென்ஸ்களை வாங்கவே வாங்காதீர்கள், கண் போனால் திரும்ப வராது.

குடியிருப்போர் சங்கத்துக்கும் உள்ளூர்க் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிட்டே இரவுப் படப்பிடிப்பைத் தொடங்குங்கள். அலறல் கேட்டு யாராவது 112ஐ அழைத்தால் அந்த இரவு போயிற்று. ரத்தக்கறையுள்ள நடிகர் வாசலுக்கு வெளியே வரும்போது சால்வை போர்த்தியிருக்க வேண்டும். படம் முடிந்தபின் திரையரங்கில் பொதுமக்களுக்குக் காட்ட விரும்பினால் தணிக்கைச் சான்றிதழ் தேவை. 2023ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு யுஏ சான்றிதழில் 7, 13, 16 என்ற வயது வரம்புகள் வந்துவிட்டதால், ரத்தத்தை எவ்வளவு காட்டுவது என்பதை 16ஐ மனத்தில் வைத்துத் தீர்மானிக்கலாம்.

படப்பிடிப்பு வரிசையில் ஒன்றைக் கவனியுங்கள். மூடுபனி நாம் அழைத்து வருவதில்லை. ஆகவே ஒவ்வோர் இரவுக்கும் ஒரு வெளிக்காட்சியையும் ஓர் உட்காட்சியையும் சேர்த்தே திட்டமிட்டு, பனி இறங்கினால் மாடிக்கு ஓடுங்கள், இறங்காவிட்டால் ஹீட்டர் காட்சியை எடுங்கள். அவர்கள் இருவரும் சிரித்துப் பேசும் காட்சிகளை முதல் இரவிலேயே முடித்துவிடுவது நல்லது, ஏனென்றால் நான்கைந்து இரவு தூக்கமில்லாத நடிகர்களின் முகம் ஜாம்பிக்குத்தான் பொருந்தும், புதுமணத் தம்பதிக்குப் பொருந்தாது.