ஒத்து – கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மாவுக்கு,

இரண்டரை ஆண்டுகளாக நியூ ஜெர்சியில் இருக்கிறேன். கணவரின் வேலை விசாவைச் சார்ந்து வரும் எச்-4 விசா. கணவர் எட்டரை மணிக்குக் கிளம்பிவிடுவார். அதன்பின் மாலை வரை வீட்டில் கேட்கும் மனிதக் குரல் என்றால் காலையில் தொலைக்காட்சியில் வரும் ஓர் உரையாடல் நிகழ்ச்சிதான். இரண்டு தொகுப்பாளர்கள், இரண்டு காபிக் கோப்பைகள், கொஞ்சம் ஊர்வம்பு. அதில் ஒருவர் சென்ற மாதம் விடைபெற்றுக்கொண்டார். அன்று நான் அழுதேன். அவர் இடத்துக்கு வந்திருக்கும் பெண்ணை என்னால் சகிக்கவே முடியவில்லை. இருவருக்கும் பொருத்தமே இல்லை. அந்தச் சிரிப்பு காதைக் கிழிக்கிறது. பக்கத்தில் இருப்பவர் எதைச் சொன்னாலும் சிரித்துச் சிரித்து ஒத்து ஊதுகிறார். என்னைப் போலவே நினைப்பவர்கள் ஏராளம். அவரை மாற்றச் சொல்லி நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன்.

"யாரோ ஒருத்திக்காகவா இவ்வளவும்?" என்று கணவர் கேலி செய்கிறார். நாம் இருப்பதையே அறியாத ஒருவர்மேல் இவ்வளவு பற்று வைப்பது தவறா? இலக்கியம் வாசிக்கும் ஒருத்தி இப்படி ஒரு நிகழ்ச்சிக்காகக் கண்ணீர் விடலாமா?

எம்.

அன்புள்ள எம்.,

நிகழ்ச்சியின் பெயரையும் அந்தப் பெண்ணின் பெயரையும் உங்கள் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டேன். அவரைத் திட்டுவதற்கு என் தளத்தில் ஓர் இடம் ஒதுக்க எனக்கு மனமில்லை. ஆனால் உங்கள் கடிதத்தை அப்படியே ஒதுக்கவும் முடியவில்லை. சென்ற மாதம் அலமாரியை ஒழிக்கும்போது ஒரு பழைய ஒலிநாடா கிடைத்தது. அதிலிருந்து இதே விஷயம்தான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இலக்கியம் வாசிக்கிறவர் அழலாமா என்ற கேள்விக்குப் பதில் சொல்லப் போவதில்லை. அழுகைக்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. கணவர் கேலி செய்தால் ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு அந்த வீட்டில் காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை பேச்சுத்துணை இல்லாமல் இருந்து பார்க்கச் சொல்லுங்கள்.

அந்த வீட்டை எனக்குத் தெரியும். 2000-ல் நானும் எச்-4 விசாவில் அதே மாநிலத்தில்தான் இருந்தேன். அப்போது அந்த விசாவில் வந்தவர்களுக்கு வேலை அனுமதி என்பதே கிடையாது. (2015 மே மாதத்திலிருந்து, நிரந்தரக் குடியிருப்புக்காகக் கணவரின் பேரில் கொடுக்கப்படும் ஐ-140 மனு ஏற்கப்பட்டிருந்தால் மனைவி வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்க வழி இருந்தது. இன்றைய விதி என்ன என்று ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள். கேட்டீர்களா, இல்லையா என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. எனக்கு அதுதான் கவலையாக இருக்கிறது.) கார் ஒன்றுதான், அது கணவரோடு போய்விடும். ஒன்பது மணிக்கு நியூயார்க்கின் ஏழாம் அலைவரிசையில் ஓர் உரையாடல் நிகழ்ச்சியின் தொகுப்பாளர்களாக ரீஜிஸ் ஃபில்பினும் கேத்தி லீ கிஃபோர்டும் வருவார்கள். முதல் கால் மணி நேரத்துக்கும் மேலாக எழுதிவைத்த எதுவும் இல்லாமல் சும்மா பேசுவார்கள். முந்தைய இரவு சாப்பிட்டது, வாகன நெரிசல், செய்தித்தாளில் கண்ட ஒரு துணுக்கு. நான் ஆங்கிலம் பேசக் கற்றது அங்கேதான். இலக்கணத்தைப் பள்ளியிலேயே படித்துவிட்டேன். ஒருவர் பேசும்போது எங்கே குறுக்கிடலாம், எங்கே "ம்" போட வேண்டும் என்பதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

அந்த இருவரும் 1985 முதல் ஒன்றாக இருந்தவர்கள். 1988-ல் நிகழ்ச்சி நாடு முழுவதற்கும் போனது. 2000 ஜூலை 28 அன்று கேத்தி லீ விடைபெற்றார். அதன்பின் ஆறு மாதத்துக்கும் மேலாக விருந்தாளிகள் மாறி மாறி அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து போனார்கள். 2001 பிப்ரவரி 5 அன்று கெல்லி ரிப்பாவை நிரந்தரமாக அமர்த்தினார்கள். வயது 30, தொடர் நாடக நடிகை. உங்களைப் போலவே நானும் அவரை வெறுத்தேன். குரல் கீச்சென்று இருக்கிறது, படபடவென்று பேசுகிறார், பெரியவர் பேச்சில் குறுக்கே விழுகிறார் என்று கணவரிடம் தினம் ஒரு குற்றப்பத்திரிகை வாசித்தேன். அந்த வெறுப்பு எப்போது போனது என்று சொல்லத் தெரியவில்லை. அடுத்த குளிர்காலத்தில் அது என்னிடம் இல்லை, அவ்வளவுதான். அன்று புதியவராக வந்தவர் ரீஜிஸ் 2011-ல் ஓய்வு பெற்ற பிறகும் இருந்தார். மைக்கேல் ஸ்ட்ரஹான் வந்து போனார், ரயன் சீக்ரெஸ்ட் வந்து போனார், 2023 ஏப்ரலில் கெல்லியின் கணவரே பக்கத்து நாற்காலிக்கு வந்தார். ஒவ்வொரு முறையும் பார்வையாளர்கள் முகம் சுளித்தார்கள். ஒவ்வொரு முறையும் பழகிக்கொண்டார்கள்.

ஆகவே பொருத்தம் இல்லை என்று மூன்றே வாரத்தில் நீங்கள் தீர்ப்பெழுதுவதை நான் ஏற்க மாட்டேன். கேத்தி லீக்கு அந்த இடத்தில் 15 ஆண்டுகள் கிடைத்தன. புதியவளுக்கு நீங்கள் 15 காலைகளைக்கூட முழுதாகத் தரவில்லை. டெபோரா நார்வில் என்று ஒருவர். 1990 ஜனவரியில் என்.பி.சி. தொலைக்காட்சியின் காலை நிகழ்ச்சியில், 13 ஆண்டுகள் இருந்த ஜேன் பாலியின் இடத்தில் அவரை உட்கார வைத்தார்கள். முடிவு நிர்வாகத்துடையது, வசவு முழுவதும் அவருக்கு. குடும்பத்தைக் கெடுக்க வந்தவள்போல் பத்திரிகைகள் எழுதின. பார்வையாளர்கள் எண்ணிக்கை சரிந்தது. ஓராண்டுக்குச் சற்றுப் பின் பேறுகால விடுப்பில் போனார், அந்த நாற்காலி அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அதே பெண் 1995-ல் வேறொரு நிகழ்ச்சியில் அமர்ந்து 30 ஆண்டுகள் தொடர்ந்து நடத்தினார். 1990-லும் அவருக்குத் திறமை இருந்தது. போனவர்மேல் இருந்த ஏக்கத்தை வந்தவர்மேல் வசவாகக் கொட்டியவர்கள் அதைப் பார்க்கவில்லை.

இப்போது அந்தச் சிரிப்புக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைச் சுட்டது "ஒத்து ஊதுகிறார்" என்ற சொல். இந்தச் சொல்லை நாம் எவ்வளவு அலட்சியமாகப் பயன்படுத்துகிறோம்! நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்துக்காரர் என்ன செய்கிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? ராகம் இல்லை, சங்கதி இல்லை. ஒரே சுருதியைக் கன்னம் உப்ப, மூச்சு அறாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறார். யாரும் அவர் பெயரைக் கேட்பதில்லை. ஆனால் நாதஸ்வரக்காரர் எவ்வளவு தூரம் பறந்தாலும் வந்து இறங்குவதற்கு அந்த ஒரே சுருதிதான் இடம். உரையாடல் நிகழ்ச்சியில் இரண்டாவது நாற்காலியின் வேலையும் அதுதான். பக்கத்தில் இருப்பவர் ஒரு கதையை எடுத்துவிட்டு எங்கே முடிப்பதென்று தெரியாமல் திணறும்போது, கதை முடிந்தது என்று அரங்கத்துக்குச் சொல்வது அந்தச் சிரிப்பு. பேசுபவர் மூச்சு வாங்கிக்கொள்ளும் இடமும் அதுவே. நேரலையில் மூன்று விநாடி மௌனம் விழுந்தால் அது பள்ளம். அதில் யாரும் விழாமல் ஒருவர் தன் குரலைப் பலகையாகப் போட வேண்டும். ஒரு நாளைக்கு இருபது முறை, காய்ச்சல் இருந்தாலும், வீட்டில் துக்கம் இருந்தாலும். அதைச் செய்பவர் பெண்ணாக இருந்துவிட்டால் உடனே நமக்குக் காது கிழிந்துவிடுகிறது. ரீஜிஸ் எவ்வளவு கத்துவார் தெரியுமா? அவருடைய சத்தத்தை அமெரிக்கா முழுவதும் செல்லமாக நடித்துக் காட்டியது. கெல்லியின் சத்தம் மட்டும் எனக்கே குற்றமாகப் பட்டது.

2004-ல் எங்கள் பகுதித் தமிழர்கள் சனிக்கிழமைதோறும் ஒரு வானொலி நிலையத்தில் ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுத்து நிகழ்ச்சி நடத்தினார்கள். ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவரும், எல்லோரும் அக்கா என்று அழைத்த ஒரு பெண்மணியும் பேசுவார்கள். அக்கா டெக்சாஸுக்குக் குடிபெயர்ந்ததும் என்னைக் கூப்பிட்டார்கள். சம்பளம் கிடையாது. நிலவறையில் ஒரு சிறிய அறை, இரண்டு மைக்குகள், கதவுக்கு மேல் ஒரு சிவப்பு விளக்கு. பெரியவர் பேசப் பேசத் தண்ணீர்க் கோப்பையின் மூடியைத் திருகிக்கொண்டே இருப்பார். கதை முடியப் போகிறது என்றால் விரல் நின்றுவிடும். நான் சிரிப்பேன்.

மூன்றாம் வாரம் ஒருங்கிணைப்பாளர் தொலைபேசியில் பதிவாகியிருந்த செய்திகளைப் போட்டுக் காட்டினார். நல்லெண்ணத்தில்தான். பதினொன்று இருந்தன. ஒன்பது என் சிரிப்பைப் பற்றியவை. ஒரு பெண், மிகவும் மரியாதையான குரலில், "புதிதாக வந்திருப்பவரைச் சிரிக்க மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள், என் குழந்தை பயப்படுகிறது" என்றார். எம்., அந்தக் குரலை இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் கூட்டத்தில் கேட்டால் அடையாளம் சொல்வேன். அவர் அதை அன்றே மறந்திருப்பார். நீங்கள் எழுதி வைத்திருக்கும் கடிதமும் மரியாதையான மொழியில்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். கிழித்துப் போடுங்கள்.

அடுத்த சனிக்கிழமை முதல் வாயை மூடிக்கொண்டு சிரிக்கப் பழகினேன். பெரியவர் தடுமாற ஆரம்பித்தார். கதைகள் நீண்டுகொண்டே போயின, பாதியில் நின்றன. ஒரு நாள் விளக்கு அணைந்ததும், "கிணற்றுக்குள் பேசுவது போல் இருக்கிறது அம்மா. நீங்கள் சிரித்தால்தானே எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரியும்?" என்றார். முயன்றேன், வரவில்லை. வீட்டிலும் வரவில்லை. எட்டு மாதம் கழித்து ஓர் இரவு கணவர் சாப்பிட்டுக்கொண்டே, "நீ சத்தமாகச் சிரித்து நாளாகிறது" என்றார். அந்தப் பருவம் முடிந்ததும் நிகழ்ச்சியிலிருந்து விலகிவிட்டேன். பெரியவர் இப்போது இல்லை.

அலமாரியில் கிடைத்தது என் இரண்டாம் வாரத்தின் ஒலிநாடா. பதினேழாவது நிமிடத்தில் அவர் ரயிலில் குடையைத் தொலைத்த கதையைச் சொல்கிறார். நான் வாய்விட்டுச் சிரிக்கிறேன். நான்கு முறை திருப்பிப் போட்டுக் கேட்டேன், அந்தச் சிரிப்பில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. அது அடங்கும்போது, மைக்குக்கு மிக அருகில், அவர் நிதானமாக மூச்சை இழுத்துக்கொள்வது கேட்கிறது.