மியூனிக்கிலிருந்து இரண்டு நாள் சால்ஸ்பர்க்: வயதான பெற்றோருடன் எதைப் பார்ப்பது, எதை விடுவது?

சனி காலை மியூனிக்கில் கிளம்பி ஞாயிறு இரவு திரும்ப வேண்டும். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா, அம்மா கூட வருகிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, சுத்த சைவம். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரம், கோட்டை, ஏரிக்கரை ஊரான ஹால்ஸ்டாட், வெர்ஃபன் பனிக்குகை, கோனிக்ஸே ஏரி எல்லாவற்றையும் பார்த்துவிட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும், பெற்றோரை மியூனிக்கிலேயே விட்டுவிட்டுப் போனால்.

கிண்டலுக்குச் சொல்லவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டது. ஊரிலிருந்து யார் வந்தாலும் சால்ஸ்பர்க் கூட்டிப்போவது எங்கள் வீட்டில் சடங்கு மாதிரி ஆகிவிட்டது. முதல் தடவை மாமனார், மாமியாரோடு போனபோது ஞாயிற்றுக்கிழமையை ஹால்ஸ்டாட்டுக்கு ஒதுக்கினேன். சால்ஸ்பர்க்கிலிருந்து ஆட்னாங்-புக்ஹைம் போய் ரயில் மாறி, ஏரிக்கு அக்கரையில் இறங்கிப் படகு பிடிக்க வேண்டும். எல்லாம் ஒழுங்காக நடந்தாலே இரண்டரை மணி நேரம். ஆட்னாங்கில் காபி வாங்கப் போய் இணைப்பு ரயிலைக் கோட்டைவிட்டேன். போய்ச் சேர்ந்தபோது மழை. எண்ணூறு பேர்கூட வசிக்காத ஊரின் ஒற்றைத் தெருவில் குடைக்குக் குடை இடிக்கிற கூட்டம். ஒன்றரை மணி நேரம் நின்றுவிட்டு அதே வழியில் திரும்பினோம். ராத்திரி மாமனார் சொன்னது இன்னும் எங்கள் வீட்டில் ஓடுகிறது: "ஏரி நல்லாத்தான் இருக்கு மாப்ள. ஆனா நாம சுத்திப் பார்த்தது ரயிலத்தான்."

அதனால் ஹால்ஸ்டாட்டை இந்தத் தடவை விட்டுவிடுங்கள். அங்கேயே ஒரு ராத்திரி தங்கினால்தான் அந்த ஊர் ஊராகத் தெரியும். வெர்ஃபன் பனிக்குகை அற்புதமான இடம்தான், ஆனால் உள்ளே மட்டும் ஏற 700 படி, இறங்க 700 படி, கோடையிலும் பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிர். முழங்கால் வலிக்காரரை அங்கே கூட்டிப்போவது பாவம். கோனிக்ஸே ஜெர்மனிப் பக்கம்தான் இருக்கிறது, மியூனிக்கிலிருந்தே இன்னொரு நாள் போய்க்கொள்ளலாம்.

மிச்சம் இருப்பது நகரமும் அதன் தெற்கு ஓரமும். இரண்டு நாளுக்கு அதுவே தாராளம்.

டிக்கெட்டை முதலில் முடித்துவிடுகிறேன். உங்களிடம் ஜெர்மனி முழுக்கச் செல்லும் மாதப் பயணச்சீட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட் இருந்தால் அதுவே சால்ஸ்பர்க் ஸ்டேஷன் வரை செல்லும். பெற்றோருக்கு பவேரியா மாநிலத்து ஒரு நாள் பயணச்சீட்டான பயர்ன் டிக்கெட் போதும், அதுவும் சால்ஸ்பர்க் வரை செல்லுபடி. காலை ஒன்பது மணிக்கு மேல்தான் ஏறலாம் என்ற வார நாள் கட்டுப்பாடும் சனி, ஞாயிறுகளில் இல்லை. இரண்டிலும் வட்டார ரயிலில்தான் ஏறலாம், ரெயில்ஜெட் என்ற அதிவேக ரயிலில் ஏறிவிடாதீர்கள். சால்ஸ்பர்க்கில் தங்குகிற ஹோட்டலில் விருந்தினர் பயண டிக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள். 2025 மே மாதம் வந்த ஏற்பாடு இது. தங்கும் நாள்களில் அந்த மாநிலம் முழுக்க பஸ்ஸும் ரயிலும் இலவசம். ஜூலை, ஆகஸ்டில் இசை விழா நடக்கும். 1920-லிருந்து நடக்கிற விழா. அந்த வாரங்களில் அறை வாடகையைப் பார்த்தால் மயக்கம் வரும், செப்டம்பர் உத்தமம்.

சனிக்கிழமை பெட்டிகளை ஹோட்டலில் போட்டுவிட்டு மிராபெல் தோட்டத்தில் ஆரம்பியுங்கள். ஸ்டேஷனிலிருந்து பதினைந்து நிமிட நடை, கட்டணம் இல்லை. பூப்பாத்திகளுக்கு நேர் எதிரே தூரத்தில் கோட்டை தெரியும். எல்லோரும் அங்கே ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நீங்கள் பெஞ்சில் பெற்றோரை உட்காரவைத்து ஒரு கதை சொல்லுங்கள், இரண்டு நாளுக்கும் அதுதான் நூல்.

சால்ஸ் என்றால் உப்பு, பர்க் என்றால் கோட்டை. இதைச் சொன்னதும் மாமனார், "எங்க தேனிப் பக்கமும் ஒரு உப்புக்கோட்டை இருக்கே" என்றார். இந்த உப்புக்கோட்டையை 1803 வரை ஆண்டவர்கள் பேராயர்கள். மதத் தலைவரும் அவரே, அரசரும் அவரே. பக்கத்து ஹாலைன் மலையில் வெட்டிய உப்புதான் அவர்கள் கஜானா. வோல்ஃப் டீட்ரிஷ் என்ற பேராயர் சலோமே ஆல்ட் என்ற பெண்ணோடு வாழ்ந்தார், பதினைந்து பிள்ளைகள். அவளுக்காக 1606-ல் அவர் கட்டிய மாளிகைதான் மிராபெல்லாக மாறியது. பிறகு உப்புத் தகராறில் பவேரியாவோடு மோதித் தோற்றார். அவருக்கு அடுத்துப் பதவிக்கு வந்த உறவினர் மார்குஸ் சிட்டிகுஸ் அவரை அந்த மலைக்கோட்டையிலேயே அடைத்துவைத்தார். 1617-ல் அங்கேயே செத்தார். மிராபெல்லில் நின்று கோட்டையைப் பார்க்கும்போது, மனிதர் ஒரு முனையில் கட்டி மறுமுனையில் முடிந்துபோனது தெரியும். சிறைவைத்தவர் கட்டியதை ஞாயிற்றுக்கிழமை பார்ப்போம்.

நடைபாலம் வழியாக சால்சாஹ் ஆற்றைத் தாண்டினால் கெட்ரைடகாஸ்ஸே என்ற கடைத்தெரு. 9-ஆம் எண் வீட்டில் 1756-ல் மோட்சார்ட் பிறந்தார். உள்ளே போவது உங்கள் ஆர்வத்தைப் பொறுத்தது. என் அபிப்பிராயத்தில், அவர் இசையை விரும்பிக் கேட்பவர் வீட்டில் இல்லையென்றால் வெளியே நின்று பார்த்தால் போதும், மாடிப்படி வேறு. அதைவிடத் தலையைத் தூக்கி, கடை வாசலில் தொங்கும் இரும்புப் பலகைகளைப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் எது பூட்டுக்கடை, எது ரொட்டிக்கடை என்று தெரிவதற்காகத் தொங்கவிட்ட வழக்கம், இன்றைக்குப் பன்னாட்டுக் கடைகளும் அதே பாணியில் மாட்டியிருக்கின்றன. மோட்சார்ட் உருண்டை என்கிற சாக்லேட் வாங்கினால் வெள்ளி-நீலத் தாள் சுற்றிய ஃபுர்ஸ்ட் கடை உருண்டையை வாங்குங்கள். 1890-ல் அதைக் கண்டுபிடித்தவர் கடை, இன்றும் கையால் செய்கிறார்கள். சிவப்பு-தங்கத் தாள் உருண்டை மியூனிக் சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கும்.

எனக்கு இந்த ஊரில் மிகப் பிடித்த இடம் பேராலயமோ கோட்டையோ இல்லை, புனித பேதுரு மடத்து ரொட்டிக்கடை. மடத்துக் கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்தில், படியிறங்கிப் போகிற நிலவறை மாதிரி ஒரு அறை. வாசலில் மரச் சக்கரம் ஒன்று தண்ணீரில் சுற்றிக்கொண்டிருக்கும். அந்தத் தண்ணீர் 12-ஆம் நூற்றாண்டில் மலையைக் குடைந்து கொண்டுவந்த கால்வாயிலிருந்து வருகிறது. உள்ளே விறகடுப்பு, புளித்த மாவு வாசனை. என் அம்மா வாசலிலேயே நின்று, "தோசை மாவு பொங்கி வழிஞ்ச வாசனைடா" என்றாள். சூடான ரொட்டி ஒன்று வாங்கி, பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்து, கையோடு கொண்டுபோன பருப்புப்பொடியும் நெய்யும் தொட்டுச் சாப்பிட்டோம். ஆஸ்திரியாக்காரர் ஒருவர் பருப்புப்பொடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். ஞாயிறு கடை கிடையாது, சனிக்கிழமையும் காலையிலேயே போய்விடுங்கள்.

அங்கே நிமிர்ந்து பார்த்தால் செங்குத்துப் பாறை. 1669-ல் அந்த மலையிலிருந்து பாறை சரிந்து 200-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அன்றைக்குப் பட்ட அடியில், ஆண்டுதோறும் நகராட்சி ஆட்கள் கயிற்றில் தொங்கிப் பாறையைத் தட்டித் தட்டிப் பார்த்துத் தளர்ந்த கல்லைப் பெயர்த்து எடுக்கிறார்கள். 'மலை சுத்தம் செய்பவர்' என்று அந்த வேலைக்கே தனிப் பெயர் உண்டு.

கோட்டைக்கு நடந்து ஏறாதீர்கள், 1892-லிருந்து ஓடுகிற இழுவை ரயில் இருக்கிறது, உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் மேலே. 1077-ல் தொடங்கிய கோட்டை. உள்ளே ஏற்ற இறக்கமும் படிகளும் உண்டு. அம்மாவைத் தெற்குப் பார்த்த மேடையில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் சுற்றலாம், ஆல்ப்ஸ் மலைகள் அந்தப் பக்கம்தான். மாலை நான்கு மணிக்கு மேல் போனால் கூட்டம் வடிந்திருக்கும்.

சாப்பாடு பயப்படுகிற அளவுக்கு மோசமில்லை. காஸ்நோக்கன் என்று கேளுங்கள். மாவுக் கொழுக்கட்டைத் துண்டுகளில் சீஸ் உருக்கி, வெங்காயம் பொரித்துப் போட்டு, இரும்புச் சட்டியோடு வரும். பன்றி இறைச்சித் துண்டு போடாமல் கேட்க வேண்டும், சில இடங்களில் கேட்காமலே போட்டுவிடுவார்கள். இனிப்புக்கு சால்ஸ்பர்கர் நோக்கர்ல், முட்டைவெள்ளையை அடித்து மூன்று மலை மாதிரி சுட்டது. அம்மா முட்டை சாப்பிடமாட்டார் என்றால் விட்டுவிடுங்கள், சாப்பிடுவார் என்றால் ஒன்று வாங்கினால் மூன்று பேருக்குப் போதும். அசைவக்காரர்களுக்கு போஸ்னா: ரொட்டிக்குள் இரண்டு சாசேஜ், வெங்காயம், மேலே கறி மசாலாப்பொடி. ஆமாம், மசாலாப்பொடிதான். கெட்ரைடகாஸ்ஸேயிலிருந்து போகும் சந்து ஒன்றில் ஜன்னல் மாதிரி ஒரு கடை, வரிசையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். கட்டுச்சோறு கொண்டுபோகிறவர்களுக்கு முல்ன் பகுதியில் இருக்கிற அகஸ்டினர் பியர் மடம் சொர்க்கம். 1621-லிருந்து இருக்கிறது. கல்குவளையை நாமே எடுத்துக் குழாயில் கழுவிப் பீப்பாயிலிருந்து வாங்க வேண்டும். நம் சாப்பாட்டை நாமே கொண்டுபோய்ச் சாப்பிடலாம், யாரும் முகம் சுளிப்பதில்லை. என் அப்பா கஷ்கொட்டை மரத்தடியில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தபோது எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமையை வானம் முடிவு செய்யட்டும். இந்த ஊர் மழைக்கு 'ஷ்னூர்ல்ரேகன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அடித்துப் பெய்து ஓய்கிற நம்ம ஊர் மழை இல்லை, நூல் நூலாக நாள் பூராவும் இறங்கும். காலையில் எழுந்ததும் ஜன்னலைத் திறந்து தெற்கே பாருங்கள். உண்டர்ஸ்பெர்க் மலை முழுசாகத் தெரிந்தால் ஒரு திட்டம், தெரியாவிட்டால் இன்னொன்று.

தெரிந்தால் நேரே ஹெல்ப்ரூன். மார்குஸ் சிட்டிகுஸ் கட்டிய மாளிகை, பகலில் கூத்தடிக்க மட்டும், படுக்கையறையே கிடையாது. தோட்டம் முழுக்க விஷமத் தண்ணீர். கல்மேசை ஒன்று, சுற்றிக் கல் இருக்கைகள். பேராயர் உட்கார்ந்திருக்கும்போது விருந்தாளி எழுந்திருக்கக்கூடாது என்பது மரியாதை. அந்த நேரம் பார்த்து இருக்கைக்குள்ளிருந்து தண்ணீர் பீச்சும்படி செய்திருக்கிறார், அவர் இருக்கை மட்டும் காயும். வழிகாட்டிப் பெண் ஆள் கேட்டபோது, என்ன ஏது என்று புரியாமல் என் அம்மா போய் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் வந்ததும் கூட்டம் முழுக்கச் சிரித்தது. அம்மா எழுந்து, புடவைக் கொசுவத்தைப் பிழிந்துகொண்டே, "இந்த ஆளுக்கு அம்மா இருந்திருக்கமாட்டா" என்று அவரைத் திட்டினாள். 18-ஆம் நூற்றாண்டில் சேர்த்த, தண்ணீரால் இயங்கும் பொம்மை நாடக மேடையும் அங்கே இருக்கிறது, நூற்றுக்கும் மேற்பட்ட பொம்மைகள், பலவும் விதவிதமான தொழில் செய்யும். மாற்றுத் துணி எடுத்துப் போங்கள், குளிர்காலத்தில் நீரூற்றுகள் மூடியிருக்கும்.

அதே திசையில் இன்னும் கொஞ்சம் பஸ்ஸில் போனால் உண்டர்ஸ்பெர்க் கேபிள் கார். பத்து நிமிடத்துக்குள் 1,776 மீட்டர் உயரத்துக்குப் போய்விடும். கீழே வெயில் அடித்தாலும் மேலே ஸ்வெட்டர் வேண்டும். ஸ்டேஷன் வாசலிலேயே காட்சி கிடைத்துவிடுவதால் முழங்கால்காரர்கள் நடக்க வேண்டிய அவசியம் இல்லை. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் பராமரிப்புக்காகச் சில வாரம் நிறுத்துவார்கள், கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

மலை தெரியாவிட்டால் ஹாலைன். ரயிலில் அரைமணிக்குள், அங்கிருந்து பஸ்ஸில் டூர்ன்பெர்க் உப்புச் சுரங்கம். மேலே வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டு குட்டி ரயிலில் உள்ளே போய், மரச் சறுக்கில் வழுக்கி இறங்கி, நிலத்தடி உப்பு ஏரியில் படகில் போகலாம். சறுக்கு வேண்டாதவர்களுக்குப் படி இருக்கிறது. நடுவில் பாதை மண்ணுக்கடியிலேயே ஜெர்மனி எல்லையைத் தாண்டித் திரும்பும். வோல்ஃப் டீட்ரிஷ் சண்டை போட்ட உப்பு இதுதான். வருடம் முழுக்க உள்ளே 10 டிகிரி.

சுற்றுலா இடங்களின் நுழைவுக்கான சால்ஸ்பர்க் கார்டு வாங்குவதாக இருந்தால் 24 மணி நேரக் கார்டே போதும், ஆனால் காலையில் தொடங்கிவிடாதீர்கள். சனி மாலை நான்கு மணிக்குக் கோட்டை ரயிலில் முதல் தடவை காட்டினால் ஞாயிறு நான்கு மணி வரை ஓடும். ஹெல்ப்ரூனும் கேபிள் காரும் அதற்குள் அடங்கிவிடும். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரே ஒரு தடவைதான் நுழையலாம்.

தண்ணீர் பாட்டில் காசு கொடுத்து வாங்காதீர்கள், குழாய்த் தண்ணீரே அருமை. ஞாயிறு கடைகள் மூடியிருக்கும், ஸ்டேஷன் சூப்பர் மார்க்கெட் மட்டும்தான் கதி. திரும்பும் ரயிலில் எல்லை ஸ்டேஷனான ஃப்ரைலாசிங்கில் ஜெர்மன் போலீஸ் ஏறிப் பார்ப்பார்கள். ஜெர்மனியில் வசிப்பதற்கான உங்கள் அனுமதி அட்டையோடு பாஸ்போர்ட்டும் வேண்டும், பெற்றோருடையதும் கையில் இருக்கட்டும். என் அப்பா பத்திரமாக இருக்கட்டும் என்று மூன்று பாஸ்போர்ட்டையும் பெட்டியின் அடியில், அம்மாவின் ஈரப் புடவைக்குக் கீழே வைத்திருந்தார்.