மண் நிறம் நிற்கும், பூ நிறம் போகும்

கேள்வி: அடுத்த மாதம் மூன்று வாரம் கிராமத்தில் ஒரு கலைஞர் ரெசிடென்சியில் தங்கப் போகிறேன். கடை வண்ணம் எதுவும் எடுத்துப் போகாமல், அங்கே கிடைக்கும் மண், பூ, இலையை வைத்தே தாளில் வரைய ஆசை. வீட்டில் முயன்று பார்த்தேன். மண் காய்ந்ததும் உதிர்ந்தது. பூச்சாறு பத்தே நாளில் பழுப்பாகிவிட்டது. எங்கே தவறு?

பதில்: மண் உதிர்ந்தது செய்முறைக் கோளாறு, திருத்திவிடலாம். பூச்சாறு பழுப்பானது அந்த நிறத்தின் இயல்பு. தள்ளிப்போடலாமே தவிர, நிறுத்த முடியாது. அதனால் நிலைத்து நிற்க வேண்டிய படத்தை மண்ணில் வரையுங்கள். பூவையும் இலையையும் குறிப்பேட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மண்ணின் மஞ்சளும் சிவப்பும் இரும்பு ஆக்சைடால் வருபவை, வெயிலுக்கு மங்காதவை. மேல்மண்ணில் வேரும் மக்கும் கலந்திருக்கும், பூஞ்சை பிடிக்கும். ஒரு முழ ஆழத்துக்குக் கீழே, அல்லது வெட்டுண்ட கரைச் சரிவில் எடுங்கள். நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டு ஒரு நிறத்துக்கு அரைக் கிலோ எடுத்தால் தாராளம். எடுத்த இடத்தையும் தேதியையும் பையிலேயே எழுதிவிடுங்கள். காய்ந்த பிறகு எல்லாப் பொடியும் ஒன்றுபோலத் தெரியும்.

மண்ணைக் காயவைத்து உடைத்து, ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் விட்டுக் கலக்குங்கள். கண்ணாடிப் பாட்டிலில் செய்தால் கண்ணாலேயே பார்க்கலாம்: மணல் சில நொடிகளில் அடியில் விழும், மேலே கலங்கல் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும். அரை நிமிடம் பொறுத்து அந்தக் கலங்கலை மட்டும் வேறு பாத்திரத்தில் இறுத்துவிடுங்கள். இதை மூன்று முறை செய்து, கடைசிக் கலங்கலை ஓரிரு நாள் அசைக்காமல் வையுங்கள். தெளிந்த நீரை வடித்துவிட்டு, அடியில் படிந்த சேற்றைத் தட்டில் பரப்பி உலர்த்துங்கள். விரலிடையே தேய்த்தால் நறநறவென்று இருக்கக் கூடாது. இதற்கே நான்கைந்து நாள் ஆகும் என்பதால், போய்ச் சேர்ந்த அன்றே தொடங்கிவிடுங்கள். மூன்று வாரத்தில் முதல் வாரம் இப்படிப் போவதை வீண் என்று நினைக்க வேண்டாம்.

உங்கள் மண் உதிர்ந்ததற்குக் காரணம், பிடித்து வைக்கப் பிசின் இல்லாததே. 50 கிராம் வேலம்பிசினை 100 மில்லி வெந்நீரில் இரவு முழுக்க ஊறவைத்து, துணியில் வடிகட்டி, ஒரு தேக்கரண்டி தேனும் இரண்டு சொட்டுக் கிராம்பு எண்ணெயும் சேருங்கள். தேன் வெடிப்பைத் தடுக்கும், எண்ணெய் பூஞ்சையைத் தடுக்கும். ஈரக்காற்றில் தேனைக் குறைக்காவிட்டால் படம் பிசுபிசுக்கும். மண்பொடியும் பிசின்நீரும் சம அளவில் கலந்து, சொரசொரப்பான கண்ணாடிப் பலகையில் குழவியால் பத்து நிமிடமாவது அரையுங்கள். ஒரு கோடு இழுத்து, காய்ந்ததும் விரலால் தேய்த்துப் பாருங்கள். விரலில் ஒட்டினால் பிசின் போதவில்லை. பளபளத்து வெடித்தால் பிசின் கூடிவிட்டது, அல்லது பூச்சு தடிமன். கரிசல் மட்டும் விதிவிலக்கு: ஈரத்தில் உப்பிக் காய்ந்தால் சுருங்கும் களி அது. சுண்ணாம்புப் பொடி கலந்து மெல்லியதாகப் பூசினால் ஓரளவு அடங்கும்.

நிறம் போதவில்லை என்றால் மஞ்சள் மண்ணையே வறுங்கள். 300 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறும்போது அதிலுள்ள இரும்புச் சேர்மம் நீரை இழந்து சிவப்பாகிறது. பழைய வாணலி போதும், ஆனால் அதில் மறுபடி சமைக்காதீர்கள். இடையிடையே ஒரு கரண்டி எடுத்து வைத்தால், மஞ்சளிலிருந்து செங்காவி வரை நான்கைந்து சாயல் ஒரே மண்ணிலிருந்து கிடைக்கும். உலர்பொடியைக் கையாளும்போதெல்லாம் முகக்கவசம் அவசியம். நுண்துகள் நுரையீரலுக்குக் கேடு.

இனிப் பூ. சங்குப்பூ நீலம் புளிப்புப் பட்டால் ஊதாவாகும், வெயில் பட்டால் வெளிறும். மஞ்சள்கிழங்கு நிறமோ அதைவிட வேகமாகப் போகும். சாற்றைப் படிகாரத்தோடு சேர்த்துப் பொடியாக்கினால் கையாள எளிது. ஒரு லிட்டர் சூடான சாற்றில் 20 கிராம் படிகாரம் கரைத்து, தனியே கரைத்த 10 கிராம் சலவைச் சோடாவைச் சிறுகச் சிறுக ஊற்றுங்கள். நுரை பொங்கும், பாத்திரம் மூன்று மடங்கு பெரிதாக இருக்கட்டும். படிந்ததை வடிகட்டி, இரண்டு முறை கழுவி உலர்த்துங்கள். சோடா சேர்ந்ததும் சில சாறுகள் நிறம் மாறும். முதலில் ஒரு கிண்ணத்தில் சோதித்துப் பார்ப்பது நல்லது.

தாவரத்திலிருந்து வரும் நிறங்களில் ஓரளவு நம்பக்கூடியது கறுப்பு. கடுக்காய்த் தோலைக் கொதிக்கவைத்த நீரில், துருப்பிடித்த ஆணிகளை ஒரு வாரம் வினிகரில் ஊறவைத்த நீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சாம்பலாகத் தொடங்கி, தாளில் காற்றுப் பட்டதும் கறுக்கும். இரும்பு கூடினால் நாளடைவில் தாள் நொறுங்கும் என்பதால், கறுத்ததும் நிறுத்திவிடுங்கள்.

போய்ச் சேர்ந்த முதல் வார முடிவில் எல்லா நிறங்களையும் ஒரே நீளத் தாளில் தீட்டி, ஒவ்வொரு நிறத்திலும் பாதியை அட்டையால் மூடி வெயில் படும் சன்னலில் ஒட்டி வையுங்கள். கிளம்பும் நாளில் அட்டையை எடுத்தால், எந்த நிறத்தை வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று தெரிந்துவிடும்.